திருமலையிலிருந்து கொழும்புக்கு இரண்டு நாள்: வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா, காலிமுகத்திடலா?

வெள்ளி மாலை திருமலை (திருகோணமலை) நிலையத்தில் இரவு மெயில் ஏறினால் சனி விடியுமுன் கொழும்புக் கோட்டை. ஞாயிறு இரவு அதே மெயிலில் திரும்பினால் திங்கள் விடிய வீடு. குளித்துவிட்டு வேலைக்குப் போகலாம். கையில் கிடைப்பது இரண்டு முழுப் பகல், கொடுப்பது ஓர் இரவு அறை வாடகை மட்டும். நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த இரண்டு பகலில் அரைவாசி ஓட்டோவுக்குள்ளும், சாவி வரும் வரை லொட்ஜ் வாசலிலும் கரைந்துபோவதும் வழக்கம். போகும் வழியைப் பற்றி வீட்டில் ஒரு கிழமை பேசுகிறோம், எந்தப் பகுதியில் தங்குவது என்பதைக் கடைசி நாளில் யாரோ சொன்ன இடம் என்று முடித்துவிடுகிறோம். இரண்டு நாள் பயணத்தில் அறை எடுக்கும் பகுதிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பகுதியைத் தெரிவுசெய்ய முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கோட்டை நிலையத்துக்குப் பக்கத்துக் கடைப்பகுதியான புறக்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. நடைபாதை வியாபாரம் கொஞ்சம் நடக்கும், அவ்வளவுதான். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் அப்படியே. ஆகவே செட்டியார் தெருவில் நகை, கெயிசர் வீதியில் துணி, முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரச் சாமான் என்று ஏதாவது வாங்குவதானால் அது சனிக்கிழமை வேலை. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும். சனி வெள்ளவத்தை, ஞாயிறு புறக்கோட்டை என்று திட்டமிடும் குடும்பம் ஞாயிறு காலை இரும்புக் கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

போகும் வழி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு உட்பட்ட குடும்பமானால் ரயில். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நீண்ட விடுமுறை வந்தால் அன்றே முடிந்துவிடும். முன்பதிவு கிடைக்காவிட்டாலும் இரண்டு பக்கமும் வண்டி புறப்படும் நிலையத்திலேயே ஏறுகிறோம் என்பது நமக்கு வாய்ப்பு. நேரத்தோடு போனால் மூன்றாம் வகுப்பிலும் இருக்கை பிடிக்கலாம். மாஹோவிலிருந்து கல்ஓயா வழியாகத் திருமலை வரை ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்காக நிற்கும். காட்டுப் பகுதியில் யானைகள் பாதையைக் கடப்பதால் இரவில் வேகத்தையும் குறைப்பார்கள். அதனால் ஒரு மணி நேரத் தாமதத்தைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். நேர அட்டவணை மாறுவதுண்டு, போகும் கிழமையில் நிலையத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பஸ், கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஆறேழு மணி நேரம். இரவில் விரைவாகவே போய்ச் சேரும். அதுதான் சிக்கலும். இரவு 9 மணிக்கு ஏறினால் நள்ளிரவு தாண்டிய இருட்டில் புறக்கோட்டையில் பிள்ளைகளோடும் பைகளோடும் நிற்க நேரும். பஸ்தான் என்றால் மிகவும் பிந்திய வண்டியைப் பிடியுங்கள்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் வேன் கட்டுபடியாகும். 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் – மீரிகம அதிவேக வீதி அந்த 40 கிலோமீற்றரை இலகுவாக்கியிருக்கிறது. மீரிகமவில் இறங்கியபின் பழைய கண்டி வீதியின் நெரிசலுக்குள்தான் போக வேண்டும். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் வாகனங்கள் அந்தத் துண்டில்தான் தேங்கும். வேனில் போகிறவர்கள் தங்குமிடத்தில் முதலில் கேட்க வேண்டியது வாகனம் நிறுத்த இடம் உண்டா என்பதைத்தான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு வேன் நின்றால் மற்றது போகாது.

விடிகாலை 5 மணி, இரண்டு பை, தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகள்

மூன்று பகுதிகளையும் ஒப்பிட இந்த ஒரு மணி நேரமே போதும்.

வெள்ளவத்தைக்குப் போகிறவர் கோட்டை நிலையத்தை விட்டு வெளியே வரவே தேவையில்லை. கரையோரப் பாதையில் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டினால் வெள்ளவத்தை. ஏறத்தாழ இருபது நிமிடம். வெளியே இருட்டில் நிற்கும் ஓட்டோக்காரரோடு விலை பேசுவதைவிட மேடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு முதல் கரையோர வண்டிக்குக் காத்திருப்பது நல்லது. ஞாயிற்றிலும் விடுமுறையிலும் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, ஆனால் நீங்கள் இறங்குவது சனி. வெள்ளவத்தை நிலையம் கடலோரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒழுங்கை வழியே காலி வீதிக்கு நடந்துவிடலாம், தங்குமிடங்கள் இடையிலேயே உள்ளன.

கொட்டாஞ்சேனைக்கு ரயில் இல்லை. ஆனால் தூரமும் இல்லை, மூன்று கிலோமீற்றர் அளவு. பிக்மீ அல்லது ஊபர் செயலியில் ஓட்டோ அழைத்தால் அந்த நேரத்தில் பத்து நிமிடம். சாரதி அழைத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, கிட்டத் தூரம் என்பதால் இரத்துச் செய்வதுண்டு. பதறாமல் திரும்ப அழையுங்கள்.

காலிமுகத்திடல் அதைவிடக் கிட்ட. ஆனால் அங்குள்ள பெரிய ஹோட்டல்கள் பிற்பகல் 2 மணிக்குத்தான் அறை தரும். பையை வாங்கி வைப்பார்கள், குளிப்பதற்கு இடம் தரமாட்டார்கள். இரவு முழுக்க ரயிலில் வந்த உடம்போடு பிற்பகல் வரை அலைவது பிள்ளைகளுக்குப் பெரிய கஷ்டம்.

வெள்ளவத்தை

தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கி, காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் தோசையும் நடந்துபோய்ச் சாப்பிடக்கூடிய இடம். வயதானவர்களைக் கூட்டிப் போனால் இதற்கு ஈடு வேறில்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலை மூன்று கிலோமீற்றருக்குள், பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில் அடுத்த நிலையத்தில்.

இங்கே தங்குமிடம் இரண்டு வகை: லொட்ஜ் அறை, நாள் வாடகை வீடு. ஆறேழு பேருக்கு வீடு மலிவு. சமையலறை இருக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சலாம். ஆனால் வீட்டில் வரவேற்பு மேசை கிடையாது. சாவி வைத்திருப்பவர் விடியற்காலை வரமாட்டார். அதனால் பதிவு செய்யும்போதே இப்படிக் கேளுங்கள்: “சனி காலை 6 மணிக்கு உள்ளே வருவோம், ஞாயிறு மாலை 6 மணிக்குக் காலி செய்வோம், எல்லாம் சேர்த்து எவ்வளவு?” ஒருநாள் வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டால், காலை அரைநாளுக்கும் மாலை அரைநாளுக்கும் தனித்தனியாகக் காசு கேட்கும்போது வாய் திறக்க முடியாது. ஏசி சேர்த்தா, லிப்ட் வேலை செய்கிறதா, எத்தனையாம் மாடி என்பதையும் கேளுங்கள். அம்மம்மாவோடு போய் ஐந்தாம் மாடிக்குப் படியேறினால் பயணம் அங்கேயே முடிந்தது.

கடல் தெரியும் அறை என்று கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்த அறைக்கும் கடலுக்கும் நடுவே மரைன் டிரைவும் ரயில் பாதையும் உண்டு, விடியற்காலை முதல் வண்டிச் சத்தம் எழுப்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் வரும் காலம். வாடகை ஏறும், நல்ல வீடுகள் முன்கூட்டியே போய்விடும். ஆடிவேல் நாளில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் வரும்போது காலி வீதி அசையாது. தேர் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை. வேறு வேலைக்கென்றால் தவிருங்கள்.

குறை ஒன்று: புறக்கோட்டை எட்டுக் கிலோமீற்றர் தள்ளி. சனி மாலை சாமான் மூட்டைகளோடு காலி வீதி பஸ்ஸில் திரும்புவது ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். காலையில் வந்த அதே கரையோர ரயிலிலேயே மாலையிலும் திரும்புங்கள்.

கொட்டாஞ்சேனை

கலியாணச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு இதுவே சரியான இடம். தாலிக்கொடிக்குச் செட்டியார் தெரு, சீலைக்குப் பிரதான வீதி என்று ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை போய் வரவேண்டியிருக்கும். ஒரு கடையில் விலை கேட்டு, இன்னொன்றில் ஒப்பிட்டு, அறைக்கு வந்து பெரியவர்களிடம் படத்தைக் காட்டி, திரும்பப் போய் வாங்கலாம். வாங்கிய நகையை நாள் முழுக்கக் கைப்பையில் காவித் திரியாமல் உடனே கொண்டுவந்து வைக்கலாம். வெள்ளவத்தையில் தங்கினால் இது நடவாது.

பொன்னம்பல முதலியார் எழுப்பி, பின்னர் அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் இங்கேதான். நம் கோணேசர் கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் கல் மண்டபத்தின் குளிர்ச்சியும் இருட்டும் வேறொரு அனுபவம். காலைப் பூசைக்குப் போங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் கிட்டத்தான்.

அறைகள் சிறியவை, பழையவை. துறைமுகத்துக்குப் போகும் கனரக லொறிகளால் வீதிகளில் தூசி, இரைச்சல். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் இந்தப் பக்கம் வேண்டாம். மாலையில் பிள்ளைகள் ஓடித் திரிய இடமும் இல்லை.

காலிமுகத்திடல்

புதிதாய் மணமான சோடிக்கு, அல்லது எதுவும் வாங்காமல் வெறுமனே இரண்டு நாள் ஆறுவதற்கு. திடல், பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடம், தாமரைக் கோபுரம் எல்லாம் கிட்டக் கிட்ட. அறை விலை மற்ற இரண்டு பகுதிகளையும்விடப் பல மடங்கு. உண்மையில் இங்கே பார்ப்பதற்குரிய எல்லாவற்றையும் வேறெங்கும் தங்கிக்கொண்டே ஒரு மாலையில் பார்த்துவிடலாம். அதனால் குடும்பத்தோடு இரண்டு நாள் என்றால் இந்தச் செலவு தேவையில்லை என்பதே எங்கள் முடிவு.

ஆனால் அந்த ஒரு மாலையைத் தவறவிடாதீர்கள். திருமலையில் நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும், இங்கே கடலுக்குள் இறங்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டத் திடலுக்கு 5 மணிக்கே வந்துவிடுங்கள், இறால் வடையோடு பட்டமும் வாங்கலாம். ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தில் வார இறுதி மாலையில் வரிசை நீளும், மழை மூட்டம் என்றால் மேலே ஏறியும் ஒன்றும் தெரியாது. வானம் வெளித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிக்கெட் வாங்குங்கள்.

கடல் குளிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உப்புவெளியில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவக்காற்றால் கொழும்புக் கடல் கொந்தளிக்கும். ஊர்ப் பழக்கத்தில் பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள், விடவே கூடாது. மார்கழி தொடக்கம் பங்குனி வரையில் கல்கிசையில் கால் நனைக்கலாம்.

ஞாயிறு: அறை காலி, ரயில் இரவில்

இந்த இடைவெளியில்தான் பயணம் சோர்ந்துபோகும். நண்பகலில் அறையைக் காலி செய்தால் எட்டு ஒன்பது மணி நேரம் பையோடு நிற்க வேண்டும். வெள்ளவத்தையில் மாலை வரை பேசி எடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. கொட்டாஞ்சேனையில் தங்கியவர்கள் கோட்டை நிலையத்தின் பொதி வைக்கும் இடத்தில் பையை ஒப்படைக்கலாம். அது எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்காமல் போகாதீர்கள், பூட்டின கதவுக்கு வெளியே நின்றுகொண்டு மெயிலை விட நேரும். பணமும் நகையும் அந்தப் பைக்குள் வேண்டாம்.

அந்தப் பகலுக்கு கொழும்புத் தேசிய நூதனசாலையை விட நல்ல இடம் இல்லை. 1877இல் திறந்தது, நிழலும் குளிரும் உண்டு. பொலன்னறுவை வெண்கல நடராசர்களையும், சீனத் தளபதி செங் ஹே காலியில் நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டையும் பாருங்கள். சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தித் தமிழ்ப் பகுதியைத் தேடச் சொல்லுங்கள். வெளியே வந்தால் விகாரமகாதேவிப் பூங்கா நடை தூரம். சித்திரை, வைகாசி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் பூங்காவைக் காலையிலும் நூதனசாலையை மதியத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் கட்டி வாங்கி, புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மேடைக்கு வந்துவிடுங்கள். கோட்டையில் மட்டக்களப்பு வண்டியும் இரவில் புறப்படும். பெட்டியில் ஏறுமுன் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கல்ஓயாவில் பாதை பிரிவது நடுச்சாமத்தில், தூக்கத்தில் அது தெரியாது.