மழையிலும் வறளும் தோல்: ஐம்பதை ஒட்டியவர்கள் எதை வாங்கலாம்?

ஐப்பசி, கார்த்திகையில் கும்பகோணம் பக்கம் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்த ஈரக் காற்றிலேயே முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது, குளித்துவிட்டு வந்த கையோடு கெண்டைக்கால் அரிக்கிறது என்றால் பனியையும் காற்றையும் குறை சொல்லிப் பயனில்லை. மாறியிருப்பது தோல். முப்பது வயதில் ஒத்துக்கொண்ட சோப்பும் லோஷனும் இப்போது ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்தான்.

மாதவிடாய் நிற்கிற வயதை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. கூடவே தோலில் எண்ணெய் சுரப்பும் குறைகிறது. மேல்தோலில் செல்களுக்கு நடுவே இருந்துகொண்டு தண்ணீரை வெளியே விடாமல் காக்கும் செராமைடு போன்ற கொழுப்புகளும் குறைந்துபோகின்றன. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்பது தோல் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆண்களுக்கும் வறட்சி உண்டு. கொஞ்சம் தள்ளி, மெதுவாக வரும். ஆகவே கடையில் எதைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இருக்கிற எண்ணெயை இது வழித்துக்கொண்டு போகுமா? உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிடித்து வைக்குமா?

கடைக்குப் போகும் முன்னால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது. இரண்டுமே தோலை வறள வைக்கும், இரண்டுமே இந்த வயதில்தான் அதிகம் தலைகாட்டும். தடிப்போ கொப்புளமோ இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் எந்தக் கிரீமும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். அது சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான அரிப்பாகவும் இருக்கலாம்.

சோப்பா, பாரா, பயத்தமாவா?

நாம் எல்லோரும் எதைத் தடவுவது என்றே யோசிக்கிறோம். என்னைக் கேட்டால், எதைப் போட்டுக் குளிக்கிறோம் என்பதுதான் முதல் கணக்கு. அதைச் சரி செய்யாமல் லோஷன் வாங்குவது வீண் செலவு.

சாதாரண சோப்பின் பிஎச், அதாவது அமில-கார அளவு (எண் கூடினால் காரம் கூடும்), 9, 10 வரை போகும். தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கிறது. இளவயதில் தோல் அதைச் சமாளித்துச் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். ஐம்பதில் அந்த வேகம் இல்லை. இதோடு டெல்டாவின் போர் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கெட் விளிம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து பிசுக்காகித் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். வேதாரண்யத்தில் என் நாத்தனார் வீட்டில் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நுரை வர வேண்டும் என்று இன்னும் நாலு தேய் தேய்ப்போம். அந்த நாலு தேய்ப்பில்தான் மிச்சமிருக்கும் எண்ணெயும் போகிறது.

சோப்பு வாங்கும்போது டிஎஃப்எம் பார்த்து வாங்கு என்று சொல்வார்கள். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். சாண்டல் சோப்பு, மூலிகைச் சோப்பு எதுவானாலும் உறையில் முதல் தரம் என்று போட்டிருந்தால், கீழ்த் தரச் சோப்பை விட மேல்தான். ஆனால் எவ்வளவு உயர்ந்த டிஎஃப்எம் இருந்தாலும் சோப்பு சோப்புதான், காரம் காரம்தான்.

அடுத்த போட்டியாளர் சின்டெட் பார். டவ், செட்டாஃபில் போன்றவை இந்த வகை. இவை சோப்பைப் போல எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்தவை அல்ல. வேறு வகை அழுக்கு நீக்கிகள். பிஎச் 5.5-லிருந்து 7-க்குள் இருக்கும், உப்புத் தண்ணீரிலும் பிசுக்குப் படியாது. ஒரு குழப்பம் என்னவென்றால், உறையில் இதற்கும் பேத்திங் பார் என்றுதான் போட்டிருக்கும், கொழுப்பு குறைவான மட்டமான சோப்புக்கும் அதே பெயர்தான். ஆகவே பெயரைப் பார்க்காமல் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். ஐசெதியோனேட் என்று முடியும் பெயர் முதலில் வந்தால் சின்டெட். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று தொடங்கினால் அது சோப்பு. சின்டெட்டுக்குக் குறையும் உண்டு. விலை கூடுதல், ஈரமான சோப்புப் பெட்டியில் விட்டால் சீக்கிரம் கூழாகிவிடும். தண்ணீர் வடியும் தட்டில் வைக்க வேண்டும்.

பயத்தமாவு, நலங்கு மாவு? கும்பகோணம் நாட்டு மருந்துக் கடையில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று கேட்டு வாங்கி, காயவைத்து, மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது நம் வீடுகளில் இன்னும் இருக்கும் வழக்கம். அதில் காரம் கிடையாது, அது பெரிய நன்மை. ஆனால் மாவு எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் தேய்த்த உடம்பில் அதுதான் வேண்டும். தினமும் வறண்ட காலில் வறட்டு வறட்டென்று தேய்த்தால் இன்னும் வறளும். கடலை மாவு இன்னும் மோசம். சீயக்காய், அரப்பு தலையோடு நிற்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் நைசாகச் சலித்த பயத்தமாவு, மற்ற நாளில் சின்டெட், அதுவும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களில் மட்டும். கை, கால், முதுகுக்குத் தினமும் நுரை தேவையில்லை. இதைச் சொன்னால் எங்கள் அத்தைக்குக் கோபம் வரும், வரட்டும்.

மார்கழிக் காலையில் ஆவி பறக்கும் வெந்நீர் சுகம்தான், தெரியும். வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கும் மெடிக்கல் கிரீமுக்கும் நடுவே

தேங்காய் எண்ணெயைப் பழங்கதை என்று தள்ள முடியாது. பிலிப்பைன்ஸில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தோல் வறட்சி உள்ளவர்களுக்குத் தேங்காய் எண்ணெயையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பலன் தந்தன. நல்லெண்ணெயில் லினோலெயிக், ஓலெயிக் என்ற இரண்டு அமிலங்களும் கிட்டத்தட்ட சரிபாதி. இதில் லினோலெயிக் தோலுக்கு நல்லது. ஓலெயிக் மிகுந்தால் தோலின் தடுப்பு தளரும். ஓலெயிக் மிக அதிகமாக உள்ளது ஆலிவ் எண்ணெய். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் டின் டின்னாகக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த எண்ணெயை வறண்ட தோலில் தடவாமல் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடை பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் நல்லெண்ணெய், இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும் என்பதால் மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது, அகல வாய் டப்பாவில் வைத்துக்கொண்டால் வழித்தெடுக்கலாம்.

எண்ணெயின் பலவீனம், அதில் தண்ணீரைப் பிடித்திழுக்கும் பொருள் இல்லை. காய்ந்த காலில் எண்ணெய் தடவினால் மினுமினுப்பு வரும், சொரசொரப்பு அப்படியே இருக்கும். குளித்துத் துண்டால் ஒற்றிய ஈரத்தின் மேலேயே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவினால்தான் அந்த ஈரம் உள்ளே நிற்கும். தீபாவளி மாதிரி எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பிறகு அரப்புப் போட்டு அத்தனையையும் கழுவி விடுவது வேறு சுகம். அதை வறட்சிக்கு மருந்து என்று கணக்கில் எழுத வேண்டாம்.

மெடிக்கலில் கிடைக்கும் ஒயிட் சாஃப்ட் பாரஃபின், லைட் லிக்விட் பாரஃபின் கலந்த கிரீம்தான் என் தேர்வு. தோல் டாக்டர்கள் சீட்டில் எழுதித் தருவதும் பெரும்பாலும் இந்த வகைதான். அலங்காரமே இல்லாத டியூப். கடையில் இருந்த தம்பி, "அக்கா, இதுல பாடி லோஷன் மாதிரி வாசனையே இருக்காது, பரவாயில்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அதற்காகத்தான் அது வேண்டும். வறண்ட தோலுக்கு வாசனைப் பொருள் அலர்ஜி கொடுக்க வாய்ப்பு அதிகம்.

வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, அதாவது வாசலின், 1872-ல் காப்புரிமை வாங்கிய சரக்கு. தண்ணீர் வெளியேறாமல் அடைப்பதில் இன்றுவரை அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் சித்திரை வெயிலில் வேர்வையோடு அதைப் பூசிக்கொண்டு இருக்க யாராலும் முடியாது, தை அறுவடையில் பறக்கும் தூசி முழுக்க அதில் ஒட்டும். எனவே ஐப்பசி முதல் மாசி வரை, ராத்திரி, முழங்காலுக்குக் கீழே வாசலின். பங்குனிக்கு மேல் பாரஃபின் கிரீமோ லேசான லோஷனோ போதும். ஒரு எச்சரிக்கை: பாரஃபினோ எண்ணெயோ ஊறிய நைட்டியில் தீ சட்டென்று பற்றும். தடவிய கையோடு அடுப்படிக்கும் விளக்குப் பக்கமும் போக வேண்டாம்.

விலையை டப்பாவுக்கு இவ்வளவு என்று பார்க்காமல் கிராமுக்கு இவ்வளவு என்று பாருங்கள். உடம்பு முழுக்க ஒரு தரம் தடவ 20 முதல் 30 கிராம் வேண்டும். 50 கிராம் அழகு ஜாடி இரண்டு நாளைக்கு மேல் வராது, அதனால்தான் அதைப் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுத் தொட்டு வைக்கிறோம். தாராளமாகத் தடவிய மலிவுக் கிரீம் ஒவ்வொரு தடவையும் அதை ஜெயிக்கும்.

கிளிசரினும் ஹையலுரானிக் சீரமும் செய்வது ஒரே வேலைதான், தண்ணீரை இழுத்துப் பிடிப்பது. உடம்புக்கு கிளிசரினே தாராளம். ஒரு பங்குக்கு மூன்று, நான்கு பங்கு பன்னீரோ தண்ணீரோ கலந்து, ஈரத் தோலில் தடவி, மேலே எண்ணெயோ கிரீமோ போட வேண்டும். சீரத்துக்கு அதிகப் பணம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நாள் முழுக்க ஏசிக் கடையில் நிற்பவர்கள் எதைப் போட்டாலும் மேல்பூச்சு இல்லாமல் விடாதீர்கள், இழுத்துப் பிடித்த தண்ணீரை வறண்ட காற்று திரும்ப வாங்கிக்கொள்ளும்.

முகத்துக்கு மட்டும்

செலவு செய்வதென்றால் இங்கே செய்யலாம், பரப்பு சிறியது. செராமைடு உள்ள, வாசனை இல்லாத கிரீம் காலை இரவு இரண்டு வேளையும். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், ஜெல் வேண்டாம், கிரீம் வகை. நம் பெண்களுக்கு இந்த வயதில் கன்னத்தில் படரும் மங்கு வெயிலில்தான் கறுக்கும், அதற்கும் இதுவே முதல் காவல். சுருக்கத்துக்கு ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சு வேலை செய்யும் என்பது உண்மை, தோலை உரிக்கும் என்பதும் உண்மை. வாரம் இரண்டு இரவு என்று தொடங்கி, வறட்சி அடங்கிய பிறகே கூட்டலாம்.

மங்குக்கும் நிறத்துக்கும் என்று யாராவது சீட்டில்லாமல் டியூப் கொடுத்தால் உறையில் ஸ்டீராய்டு இருக்கிறதா பாருங்கள். 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் பளபளக்கும், போகப் போகத் தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும்.

பித்தவெடிப்பு

இதில் போட்டியே இல்லை, யூரியா கிரீம்தான். வயலுக்குப் போடுகிற யூரியாவும் அதே வேதிப்பொருள்தான், அதற்காக மூட்டையில் கை வைக்க வேண்டாம். யூரியா 10 சதவீதம் உள்ள கிரீம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வறண்ட கெண்டைக்காலுக்கும் அது நல்லது. 20-க்கு மேல் போனால் தடித்த தோலை இளக்கும், குதிகாலுக்கு அதுதான் தேவை. மருதாணி அப்பினால் நிறம் பிடிக்கும், பிளவு மூடாது. மெழுகும் தேங்காய் எண்ணெயும் உருக்கி வைப்பது நல்ல மூடிதான், ஆனால் தடித்த தோல் அப்படியே கிடக்கும். நூல் புடவையின் கொசுவம் நடக்கும்போது குதிகாலில் மாட்டி நூல் இழுக்கிற அளவுக்குத் தோல் தடித்துவிட்டால் யூரியா இல்லாமல் நடக்காது. ராத்திரி கால் கழுவி, தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். காலுறை இல்லாமல் எழுந்து நடந்தால் மொசைக் தரையில் வழுக்கும்.

வெடிப்பில் ரத்தம் கசிந்தால் யூரியா எரியும். முதலில் வாசலின் வைத்து மூடி ஆறவிட்டு அப்புறம் தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பிளேடால் சீவுவது, வெந்நீரில் காலை ஊற வைப்பது இரண்டும் கூடவே கூடாது. சுட்டாலும் வெட்டினாலும் உறைக்காமல் போகலாம். ஆழமான பிளவென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காட்டிவிடுங்கள்.