டிஇசட்-டேட்டா ரிவ்யூ: ஒரு மணி நேரம் பிசகாமல் இருக்க எத்தனை இடத்தில் அப்டேட் போடணும்?

சரவணம்பட்டியில் அமெரிக்க ஷிப்ட் ஓட்டும் அலுவலகம், திருப்பூரில் நியூயார்க், லண்டன் பையர்களோடு தினமும் பேசும் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, கரூரில் வீட்டு ஜவுளி அனுப்புகிறவர்கள் என எல்லோர் சர்வரிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பொருள் இது. உலகத்தில் எந்த ஊர்க் கடிகாரம் எந்தத் தேதியில் எவ்வளவு நகரும் என்ற விதிகளின் தொகுப்புதான் டிஇசட்-டேட்டா. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. 2011 முதல், இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் கீழ் வருகிறது, பராமரிப்பவர் பால் எகர்ட். காசு கிடையாது, காப்புரிமைத் தொல்லையும் கிடையாது. இறக்கினால் அரை எம்பி கூட வராது. வெர்ஷன் பெயர் ஆண்டும் எழுத்துமாக இருக்கும்: 2024-ஏ, 2024-பி, 2025-ஏ.

அமெரிக்கா, ஐரோப்பா போலக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் (டிஎஸ்டி) இந்தியாவில் இல்லை. அதனாலேயே நம்ம பக்கம் இதை யாரும் கவனிப்பதில்லை. சுவர்க் கடிகாரம் சரியாக இருக்கும், லேப்டாப் சரியாக இருக்கும், பையரோடு போட்ட மீட்டிங் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கும்.

முதலில் தரவின் தரம். உள்ளே ஒரு வரியைத் தமிழில் பிரித்துப் படித்தால் இப்படி வரும்: "யுஎஸ் விதி, 2007 முதல் இனி எப்போதும், மார்ச் மாதம் 8-ஆம் தேதியோ அதற்குப் பின்னோ வரும் முதல் ஞாயிறு, அதிகாலை 2:00, கூட்டு 1:00." இரண்டாவது ஞாயிறு என்பதை எவ்வளவு சிக்கனமாக எழுதியிருக்கிறார்கள் பாருங்க. அமெரிக்கா 2005-இல் போட்ட எரிசக்திச் சட்டத்தால் 2007-இல் மாறிய விதி இது. அதற்கு முன்னால் ஏப்ரல் முதல் ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு முடியும். இப்போது நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. பழைய வரியை அழிக்கவில்லை, மேலேயே இருக்கிறது. 2006 ஏப்ரல் இன்வாய்ஸை இன்று திறந்தாலும் நேரம் சரியாக வருவது அதனால்தான்.

இந்தியாவின் பதிவும் அதே நேர்த்தி. 1906-க்கு முன் புழங்கிய மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5:21:10 முன்னே என்று விநாடி வரை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நம் கடிகாரம் ஆறரை மணி நேர வித்தியாசத்தில் ஓடியதும் இருக்கிறது. அந்த வருஷங்களில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் இந்த வரியைப் படிக்கவில்லை என்றால் லக்னமே மாறிப்போகலாம்.

சரி, நம் வேலைக்கு வருவோம். 2026-இல் கடிகாரம் மாறும் நாட்கள்: அமெரிக்கா மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பா மார்ச் 29, அக்டோபர் 25. நியூயார்க் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30, கோடையில் மாலை 6:30. லண்டன் காலை 9 மணி மதியம் 2:30, கோடையில் 1:30. மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொள்வதால் மூன்று வாரம், வருஷக் கடைசியில் ஒரு வாரம், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நடுவே ஐந்து மணி நேரம் நான்காகிவிடும். மூன்று ஊரும் சேரும் கான்ஃபரன்ஸ் கால் எல்லாம் குழம்புவது இந்த நாட்களில்தான். ஷிப்ட் ஊழியர்களை ஏற்றிவரும் கேப் ரோஸ்டரில் "குளிர்காலம், கோடை" என்று இரண்டே பட்டியல் வைத்திருப்பவர்கள் இந்த நான்கு வாரத்துக்கும் தனிப் பட்டியல் போடுங்க.

லினக்ஸில் சரிபார்ப்பது எளிது. இசட்-டம்ப் கட்டளையை -v சேர்த்து, அமெரிக்கா/நியூயார்க் பெயரோடு ஓட்டி 2026-ஐ மட்டும் வடிகட்டுங்க. நான்கு வரி வரணும். மார்ச் 8, உலகப் பொது நேரமான யுடிசி 06:59:59-க்கு அங்கே 01:59:59, அடுத்த விநாடி 03:00:00. நவம்பர் 1 யுடிசி 05:59:59-க்கு 01:59:59, அடுத்த விநாடி மறுபடி 01:00:00. நமக்கு அவை ஞாயிறு மதியம் 12:30-ம் முற்பகல் 11:30-ம். வேறு தேதி வந்தால் அந்த மெஷினில் தரவு பழசு.

இத்தனை நல்ல பொருளுக்கு முழு மதிப்பெண் தர முடியாமல் தடுப்பது, ஒரே மெஷினில் இதன் நகல்கள் பல இருப்பது. சிஸ்டத்தில் டிஇசட்-டேட்டா பேக்கேஜை அப்டேட் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாவா தன் நகலைத் தன் லிப் ஃபோல்டரில் டிஇசட்-டிபி என்ற கோப்பில் வைத்திருக்கிறது. அதற்கு ஆரக்கிளின் டிஇசட்-அப்டேட்டர் கருவியை ஓட்டணும். ஒரே சர்வரில் மூன்று ஜாவா இருந்தால் மூன்று முறை. நோட்-ஜேஎஸ் பைனரிக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கிறது. பிராசஸ் வெர்ஷன்ஸ் பட்டியலில் டிஇசட் என்ற பெயரில் வெர்ஷன் தெரியும். பிஎச்பி-க்கும் தனி நகல். பைத்தானில் பைடிஇசட் (pytz) நூலகம் தன் நகலைச் சுமக்கிறது, 3.9-இல் வந்த ஸோன்-இன்ஃபோ சிஸ்டத்துடையதைப் படிக்கிறது. புது ப்ராஜெக்டுக்கு ஸோன்-இன்ஃபோவே போதும். விண்டோஸ் இதைப் பயன்படுத்துவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் சொந்தப் பட்டியலை ரெஜிஸ்ட்ரியில் வைத்து விண்டோஸ் அப்டேட்டில் அனுப்புகிறது. அப்டேட்டை நிறுத்தி வைத்த பழைய விண்டோஸ் மெஷினில் புது விதி வரவே வராது.

மைசீக்வல் டேட்டாபேஸ் பக்கம் தனியாகச் சொல்லணும். நேர மண்டல அட்டவணைகள் அதில் காலியாகவே வரலாம். காலியாக இருந்தால் கன்வர்ட்-டிஇசட் ஃபங்க்ஷன் எரர் தராது, நல் (NULL) என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தரும். ரிப்போர்ட்டில் அந்தப் பத்தி வெறுமையாகக் கிடக்கும். மைசீக்வலோடு வரும் டிஇசட்-இன்ஃபோ டு சீக்வல் கருவியால் அட்டவணையை நிரப்பி, சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ரீஸ்டார்ட் என்பது எல்லாவற்றுக்கும் பொது. ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் எல்லாம் பழைய விதியை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும்.

ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸில் ஓடும் கண்டெய்னரில் இந்தப் பேக்கேஜ் இயல்பாக இருக்காது. டிஇசட் வேரியபிளில் நியூயார்க் என்று எழுதினாலும் சத்தமில்லாமல் யுடிசி-யில் ஓடும். உபுண்டு 24.04-இல் யுஎஸ்/ஈஸ்டர்ன் மாதிரிப் பழைய பெயர்கள் டிஇசட்-டேட்டா-லெகசி என்ற தனிப் பேக்கேஜுக்குப் போய்விட்டன. அதை நிறுவுவதைவிட கோடில் பெயரை அமெரிக்கா/நியூயார்க் என்று மாற்றுவது நல்லது. வெறும் ஈஎஸ்டி என்று எழுதியிருந்தால் உடனே மாற்றியே ஆகணும். அது வருஷம் முழுக்க ஐந்து மணி நேரம் பின்னாலேயே நிற்கும், கோடையில் நகராது.

இந்தப் பொருளால் தீர்க்க முடியாத ஒரு சிக்கலும் உண்டு. "எல்லாவற்றையும் யுடிசி-யில் சேமி" என்ற அறிவுரை நடந்து முடிந்தவற்றுக்குச் சரி. வரப்போகும் மீட்டிங்குக்குச் சரிவராது. மெக்சிகோ 2022 அக்டோபரில் டிஎஸ்டி-யைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2023 ஜூலையில் மெக்சிகோ சிட்டி காலை 10 மணிக்கு என்று போட்ட மீட்டிங் யுடிசி 15:00 என்று சேமிக்கப்பட்டிருக்கும், நமக்கு இரவு 8:30. விதி மாறிய பிறகு அதே 15:00 அங்கே காலை 9 மணி. சரியான நேரம் நமக்கு இரவு 9:30. அப்டேட் ஒழுங்காகப் போட்ட சர்வர்கூட இங்கே தப்பான நேரத்தைத்தான் காட்டும். எதிர்கால நிகழ்வுக்கு ஊர் நேரம், மண்டலப் பெயர் இரண்டையும் சேமித்து, யுடிசி-யைத் தேவைப்படும்போது கணக்கிடுங்க.

அரசாங்கங்கள் அவகாசம் தராததும் பெரிய தொல்லை. 2018-இல் மொராக்கோ அக்டோபர் 28-இல் கடிகாரத்தைப் பின்னே தள்ள வேண்டியது. வேண்டாம் என்று முடிவெடுத்தது 26-ஆம் தேதி. 2023 மார்ச்சில் லெபனான் கோடை நேர மாற்றத்தைத் தள்ளிவைத்து, சில நாளில் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்காக 2023-பி வெளியாகி, உடனே 2023-சி அதைத் திரும்பப் பெற்றது. இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும் குழுவைக் குறை சொல்ல மனம் வராது. அமெரிக்க செனட் 2022-இல் கடிகார மாற்றத்தையே நிறுத்தும் மசோதாவை நிறைவேற்றியது, கீழவையில் நின்றுபோனது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019-இல் நிறுத்த வாக்களித்தது, உறுப்பு நாடுகள் ஒத்துவரவில்லை. நம் பெரிய பையர்களின் இரண்டு பக்கமும் விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

கடிகாரத்தை நெட்வொர்க் வழியே சரிசெய்யும் என்டிபி போட்டிருக்கிறோமே என்று கேட்பவர்களுக்கு: என்டிபி யுடிசி-யை மட்டும்தான் தரும், எந்த ஊரின் விதியையும் சொல்லாது. பயோமெட்ரிக், சிசிடிவி டிவிஆர் மெனுவில் டிஎஸ்டி என்று டிக் பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்க. இங்கே அது அட்டென்டன்ஸைக் கெடுப்பதற்கு மட்டுமே உதவும்.

தரவுக்கு 5-க்கு 5. நம் மெஷின்களுக்கு வந்து சேரும் விதத்துக்கு 3. பிப்ரவரி முதல் வாரமும் செப்டம்பர் முதல் வாரமும் காலண்டரில் குறித்துக்கொண்டு, நகல் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் பெயர் எழுதி வெர்ஷன் பார்த்தால், நான்கு சர்வர் உள்ள அலுவலகத்துக்கு அரை நாள் வேலை.