70-300 லென்ஸும் ஆறு வருஷப் பௌர்ணமிகளும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சின்னதாக இருக்கும்) கேமரா, ஒரு ட்ரைபாட். ஆறு வருஷமாக மொட்டை மாடி ஏறி நிலாவை எடுப்பது இவற்றை வைத்துத்தான்.

முதல் பௌர்ணமியில் கிடைத்தது ஒரு வெள்ளைப் பொட்டு. சுற்றிலும் இருட்டு என்பதால் ஆட்டோவில் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலாவோ நேர் வெயிலில் கிடக்கும் பாறை, அதற்குப் பகல் கணக்குதான் சரி. மேனுவலில் எஃப் 11 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சுருங்கும்), ஐ.எஸ்.ஓ 100 (சென்சாரின் ஒளி உணர்திறன்), ஷட்டர் 1/100 நொடி வைத்த பிறகுதான் கறைகள் தெரிந்தன. காற்றில் ஈரம் அதிகமென்றால் 1/60.

300-இல் சென்சார் மேல் விழும் நிலா வெறும் 2.7 மி.மீ., என் 24 மெகாபிக்ஸலில் குறுக்கே 700 பிக்ஸல் சொச்சம். வாட்ஸ்அப்புக்குத் தாராளம், ஃபிரேம் போட்டு மாட்டவெல்லாம் ஆகாது.

லென்ஸின் குறைகள்? எஃப் 5.6-இல் கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும், எஃப் 8 தாண்டினால் நன்றாகவே வரும். உச்சிக்குத் திருப்பினால் குழல் தன் எடையிலேயே மெல்ல உள்ளே இறங்கிவிடும், அதற்கு ஒரு ரப்பர் பேண்ட். ஆட்டோ ஃபோகஸை நம்பாமல் லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கி, நிலாவின் டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக் கையால் திருப்புகிறேன். சாயங்காலமே மாடி ஏறினால் தளத்துச் சூட்டில் நிலா தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும், பத்து மணிக்கு மேல் போனால் அவ்வளவு இல்லை.

ஆனால் முழுநிலவில் வெயில் நேரே விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே கிடையாது, படம் தோசை மாதிரி தட்டையாகத்தான் வரும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்கிற அஷ்டமி நவமிதான் (வளர்பிறையில்) நிலாப் படத்துக்கு முகூர்த்தம். கோபுரத்தோடு சேர்த்து எடுக்கவேண்டும் என்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள், சூரியன் மறையும் முன்பே நிலா வந்துவிடும், கோபுரத்திலும் வெளிச்சம் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் நிலாவின் அகலம் கோபுரத்தில் 9 மீட்டருக்குச் சமம். அடிவாரத்தில் நின்று எடுத்துவிட்டு நிலா சின்னதாக இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் புலம்பியவன்தான்.

2025 செப்டம்பர் 7 முழு கிரகணத்தில் பழைய கணக்கெல்லாம் செல்லவில்லை. இரவு 11 மணிக்கு நிலா முழுக்கச் சிவந்ததும் ஐ.எஸ்.ஓ 3200, அரை நொடி வரை போகவேண்டியிருந்தது, அதற்கு மேல் விட்டால் நிலா நகர்ந்து இழுபடும்.

போன மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்த கூலி லென்ஸ் விலையில் கால்வாசி. இப்போது மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு தூங்குகிறது, நீல மணிகள் ரோஸ் ஆனதும் மாற்றிவிடுகிறேன்.