எஸ் வடிவ ஏர்லாக்: நான்கு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

"களக் களக் சத்தம் நின்னுபோச்சு, பாட்டில்ல அடைச்சிடலாமாண்ணா?" லண்டனில் முதல்முறையாக பிளாக்பெர்ரி ஒயின் போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்டது. அடைக்காதே என்று உடனே பதில் போட்டாயிற்று. ஏன் என்பதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

குற்றவாளி அந்த எஸ் வடிவ ஏர்லாக், ஒயின் நொதிக்கும் ஜாடியின் அடைப்பானில் செருகுவது. இரண்டு குமிழ், நடுவில் வளைந்த குழாய், உள்ளே கொஞ்சம் தண்ணீர், விலை ஒன்றிரண்டு பவுண்டு. வாயு அந்தத் தண்ணீரைத் தாண்டிப் போகும்போதுதான் களக் களக். உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போகவேண்டும், வெளிக்காற்றும் பழ ஈயும் உள்ளே வரக்கூடாது. அதற்கு இருப்பது இவ்வளவே வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. ஒரு கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு வரும். அத்தனையும் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறது. இரவில் அறை குளிர்ந்து ஜாடிக்குள் காற்று சுருங்கினால், இன்னொரு வகையான மூன்று துண்டு ஏர்லாக்கில் தண்ணீர் ஒயினுக்குள் இழுபட்டுவிடும். எஸ் வகையில் தண்ணீர் உள்பக்கக் குமிழுக்கு ஏறும், காற்று ஒரு குமிழியாக உள்ளே போகும், தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கும். குமிழ்களில் பாதி அளவுக்கு மேல் ஊற்றாமல் இருந்தால் போதும். இதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

கோபம் வருவது அது மீட்டர் வேஷம் போடும்போதுதான். சத்தம் கேட்டால் நொதிக்கிறது, நின்றால் முடிந்தது என்று எல்லோரையும் நம்பவைத்துவிடுகிறது. இரண்டும் பொய். நொதித்து முடிந்த ஒயினில் வாயு கரைந்தே கிடக்கும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் அது பிரிந்து வந்து மறுபடி களக் களக் என்னும். எதிர்ப்பக்கமும் உண்டு. ரப்பர் அடைப்பான் ஈரமாக இருந்தபோது செருகியிருந்தால் அரை மில்லிமீட்டர் மேலே எழும்பியிருக்கும், வாயு அந்த இடுக்கு வழியே போய்விடும், ஏர்லாக் ஊமையாகிவிடும். பிளாஸ்டிக் வாளியின் மூடியும் இதே கதைதான். ஜாடியின் கழுத்தையும் அடைப்பானையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் திருகி அழுத்துங்கள். ஏர்லாக்கின் காம்பை மட்டும் லேசாக நனைத்து, அடியில் பிடித்துச் செருகவேண்டும். குமிழைப் பிடித்து அழுத்தினால் காம்பு ஒடிந்து கையைக் கிழிக்கும்.

உண்மை சொல்வது ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான்: திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் கருவி. தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடினால் எண் கூடும், அது புளித்து ஆல்கஹாலாக மாற எண் இறங்கும். 4.5 லிட்டருக்கு 2 கிலோ பிளாக்பெர்ரி, 1 கிலோ சர்க்கரை என்று போட்டால் தொடக்கத்தில் 1.090 சுற்றுவட்டாரத்தில் காட்டும். முடியும்போது 0.996 அல்லது அதற்கும் கீழே. வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் நொதித்தல் நின்றிருக்கிறது. எண் 1.000-க்குக் கீழேயும் இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். 1.020-இல் நின்றிருந்தால் அது முடியவில்லை, நடுவழியில் படுத்துவிட்டது: அறை 18 டிகிரிக்குக் கீழே போயிருக்கும், அல்லது ஈஸ்ட்டுக்குச் சத்து போதவில்லை. பழ ஒயினில் நைட்ரஜன் குறைவு என்பதால் ஈஸ்ட் நியூட்ரியன்ட் ஒரு தேக்கரண்டி முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஜாடியிலிருந்து எடுத்த ஒயினில் வாயுக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிக்கும். எண் இரண்டு மூன்று புள்ளி (0.002, 0.003) கூடுதலாகத் தெரியும். விரலால் ஒரு சுற்று சுழற்றிவிட்டு, ஓய்ந்ததும் திரவத்தின் மேற்பரப்பு வளைந்திருக்கும், அந்த வளைவின் அடி மட்டத்தில் எண்ணைப் படியுங்கள். வாங்கிய அன்றே 20 டிகிரி தண்ணீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்று பாருங்கள், உள்ளே இருக்கும் அளவுக் காகிதம் நழுவியிருப்பது உண்டு. உடையும் சாமான், ஆகவே இரண்டாக வாங்குங்கள்.

சத்தத்தை நம்பி அடைத்தால் என்ன? 1.005-இல் அடைத்தது பாட்டிலுக்குள் 0.995 வரை இறங்கினால், லிட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம் சர்க்கரை புளிக்கிறது. ஷாம்பெயினில் இரண்டாவது நொதித்தலுக்குச் சேர்ப்பது சுமார் 24 கிராம். அந்த அழுத்தத்துக்கென்றே அவர்கள் பாட்டில் கனத்த கண்ணாடி. சாதா ஒயின் பாட்டிலில் கார்க் பறக்கும். இல்லையென்றால் பாட்டிலே வெடித்துவிடும். பொட்டாசியம் சார்பேட் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். அது ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டைக் கொல்லாது, அடங்கியதை மறுபடி பெருகவிடாமல் செய்யும், அவ்வளவே. அதையும் கேம்ப்டன் மாத்திரையோடு (சல்பைட் மாத்திரை) சேர்த்தே போடவேண்டும்.

கழுவுவதைப் பற்றியும் திட்டிவிடுகிறேன். பழக் கூழோடு முதல் நாளே ஏர்லாக் மாட்டினால் நுரை ஏறி, வளைவுக்குள் ஊதா நிறத்தில் காய்ந்து ஒட்டும். எந்தப் பிரஷும் அங்கே போகாது. கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் கோணும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோடியம் பெர்கார்பனேட் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டால்தான் வழிக்கு வரும். இதைத் தவிர்க்க முதல் ஐந்தாறு நாள் வாளியில் துணி மூடியே வையுங்கள், மேலே மிதக்கும் பழத்தை நாளுக்கு இருமுறை அமுக்குங்கள், 1.020 வாக்கில் வடிகட்டி டெமிஜானுக்கு, அதாவது குறுகிய கழுத்துள்ள கண்ணாடி ஜாடிக்கு, மாற்றுங்கள். முதலில் ஜாடியின் தோள் அளவு வரை மட்டும் ஊற்றுங்கள். நுரை பொங்குவது அடங்கியதும் அடைப்பானுக்கு 3 செ.மீ. கீழே வரை நிரப்புங்கள். ஹீட்டர் ஓடும் அறையில் ஏர்லாக்கில் தண்ணீர் வற்றும், அதையும் அவ்வப்போது பார்க்கவேண்டும்.

இதெல்லாம் பிரிட்டனில் உங்கள் வீட்டுக்கு மட்டும், விற்காத வரை சரி. ஊரில் இருக்கும் உறவுக்குச் செய்முறையை அனுப்பாதீர்கள்: தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம்.

வாங்கலாமா என்றால், பிரித்துக் கழுவ முடிகிற மூன்று துண்டு ஏர்லாக்தான் புத்திசாலித்தனம். என் வீட்டில் இருக்கும் ஆறும் எஸ் வடிவம்தான், ஏழாவதும் அதுவாகத்தான் இருக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் அறை வெறிச்சென்று கிடக்கிறது.

தம்பி, ஹைட்ரோமீட்டர் வந்ததும் எண்ணைச் சொல். அதுவரை 20 டிகிரி அறையில் வை, அடைப்பானைத் துடைத்துச் செருகு.