ஐவி என்று சொல்லி விற்றது ஐவி இல்லை: 8,640 ரூபாய் போச்சு

நேற்று மாலைதான் உறுதியானது. வாட்ஸப்பில் செடி விற்கும் ஒரு ஆளிடம் வாங்கிய 64 'இங்கிலீஷ் ஐவி' (சுவரிலும் தரையிலும் ஒட்டிப் படரும் கொடி) கன்றுகளில் ஒன்றுகூட ஐவி இல்லை. எல்லாமே கேப் ஐவி. பெயரில் மட்டும்தான் ஐவி, உண்மையில் சூரியகாந்திக் குடும்பத்துக் களைக்கொடி. கன்று 125 வீதம் 8,000, கூரியர் 640. மொத்தம் 8,640 ரூபாய்.

ஊட்டியில், மரநிழலில் புல் பிடிக்காத 100 சதுர அடிச் சரிவுக்கு வாங்கியது. ஒண்ணேகால் அடிக்கு ஒரு கன்று என்ற கணக்கு. அசல் ஐவி நிழலும் தாங்கும், உறைபனியும் தாங்கும். முதல் வருடம் மெதுவாகப் போனாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

நம்பியது எதை வைத்து? வீடியோ காலில் தாய்ச்செடியைக் காட்டினார். கருங்கல் சுவரில் ஒட்டியிருந்த தண்டைப் பிரித்து, அடியில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நின்ற பற்றுவேர்களையும் காட்டினார். அது அசல் ஐவிதான். அடுத்த நிமிடமே முழுப்பணமும் ஜிபேயில் போனது.

வந்த கன்றுகளில் குருத்திலை மட்டும்தான் இருந்தது. "வழியில வாடாம இருக்க இலையைக் கிள்ளிட்டோம்" என்றார். பதியன் போடுகிறவர்கள் செய்வதுதான், தப்பாகத் தோன்றவில்லை. ஐந்தே வாரத்தில் மூன்றடி ஓடி வேலிக்கம்பியைச் சுற்ற ஆரம்பித்தது. ஐவி சுற்றாது, ஒட்டித்தான் ஏறும். ஐவி இலையை மடக்கினால் தோல் மாதிரி வளையும். இது நீர்விட்டு ஒடிந்தது. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போல இரண்டு சின்ன மடல்கள் வேறு. ஐவியில் அது கிடையவே கிடையாது.

கேட்டால், "மலை மண்ணுக்கு இலை மாறும் சார்." பிறகு, "ஐவிக்கு ரெண்டு விதமா இலை வரும், தேடிப் பாருங்க." வரும்தான். ஓடும் கொடியில் மடல் பிரிந்த இலை, முதிர்ந்து பூக்கும் கிளையில் மடல் இல்லாத இலை. அதற்குப் பல வருடம் ஆகும், அப்போதும் இலை தடிப்பாகத்தான் இருக்கும். இதை எழுதி அனுப்பியதும், "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? மூணு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்." இலையைக் கிள்ளி அனுப்பிவிட்டு மூன்று நாளில் எதைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்? இன்று காலை நம்பரை பிளாக் செய்துவிட்டார். 8,640 ரூபாய்க்கு ஒரு 'சாரி' கூட இல்லை.

அதைவிட வயிறு எரிவது, இந்தக் கொடியை ஒழிக்கிற வேலை. கணுவோடு ஒரு அங்குலத் துண்டு கிடந்தாலும் துளிர்க்கும். மண்ணுக்குள்ளும் தண்டு ஓடும். தென்னாப்பிரிக்காவிலிருந்து போய் கலிபோர்னியாக் கடலோரத்து ஓடைக்கரைகளையே மூடிவிட்ட கொடி இது. ஆடு மாடு தின்றால் விஷம்.

ஐவி வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் இரண்டே கன்று வரவழைத்துப் பாருங்கள். இலை கிள்ளிய கன்று வேண்டாம். காம்படியில் மடல் இருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். ஏற்கெனவே நட்டுவிட்டீர்கள் என்றால் பிடுங்கியதை உரக்குழியில் போடாதீர்கள், சாக்கில் கட்டி முழுக்கக் காயவிடுங்கள். மீதியைப் பிறகு எழுதுகிறேன், இன்னும் பாதிச் சரிவு பிடுங்கக் கிடக்கிறது.