சீனத் தத்துவப் பள்ளிகள்: ஆடியோ பாடம் எப்படி?
பழஞ்சீனத் தத்துவம் என்றாலே கன்பூசியஸ், லாவோட்சு என்று இருவரோடு முடித்துவிடுவார்கள், இந்தப் பாடம் அப்படிச் செய்யவில்லை, அதற்காகவே வாங்கலாம். மோசி என்ற பழஞ்சீனச் சிந்தனையாளரின் வழிவந்தவர்களுக்கு நிறைய நேரம் கொடுத்திருக்கிறார்கள்: எல்லோர் மீதும் பாகுபாடில்லாத அன்பு வேண்டும் என்றவர்கள், ஆக்கிரமிப்புப் போரை எதிர்த்தவர்கள், அதே சமயம் முற்றுகையிடப்பட்ட நகரங்களைக் காப்பதில் கில்லாடிகள். இந்தப் பகுதிதான் உச்சம். கடுமையான சட்டமும் தண்டனையும்தான் நாட்டை ஆளும் வழி என்ற சட்டவாதிகள் பகுதியும் சரி, அவர்களில் ஒருவரான ஹான் ஃபெய்யின் எழுத்தை அரசனே ரசித்த சின் நாட்டில் அவர் கி.மு. 233இல் சிறையில் இறந்த கதை விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் 'வெள்ளைக் குதிரை குதிரையல்ல' என்ற, தர்க்கவாதி கோங்சுன் லோங்கின் வாதத்தை அவசரமாகத் தள்ளிவிட்டது அநியாயம். உலகை இரு எதிரெதிர் சக்திகளால் விளக்கிய யின்-யாங் பள்ளி? பேருக்கு இருக்கிறது. அப்புறம், கூடவே தரும் பிடிஎஃப்பில் ஒரு வரைபடம்கூட இல்லை, அன்றைய சீனாவில் எந்த நாடு எங்கே என்று நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.