எங்கள் முருகேசன்: சிபிஆர் பொம்மை வாங்கி இரண்டு வருடம் ஆன பிறகு

எங்கள் கல்லூரி ஸ்கில் லேபில் ஒரு ஆள் படுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது, கையும் கிடையாது. மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகள் யாரோ முருகேசன் என்று பெயர் வைத்துவிட, இப்போது ஸ்டாக் ரிஜிஸ்டரைத் தவிர எல்லா இடத்திலும் அவர் முருகேசன்தான். சிபிஆர், அதாவது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்துக் காப்பாற்றும் முறையைப் பழகும் பொம்மை. உள்ளே சென்சார் உண்டு. புளூடூத் வழியாக டேப்லெட்டில் ஆழம், வேகம் எல்லாம் காட்டும். வரி சேர்த்து 48,000 ரூபாய், என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். 2021-ல் வந்த புது பி.எஸ்சி. நர்சிங் சிலபஸில் அடல்ட் ஹெல்த் நர்சிங்கோடு பிசிஎல்எஸ் (சிபிஆர் உள்ளிட்ட அடிப்படை உயிர்காப்பு) மாட்யூலும் சேர்ந்ததிலிருந்து, மற்ற கல்லூரி டியூட்டர்கள் 'வாங்கலாமா சிஸ்டர்?' என்று போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு ஒரே தடவை எழுதிவிடுகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

இதற்கு முன்னால் எங்களிடம் இருந்தது 'டிக்' பொம்மை. போதுமான ஆழத்துக்கு அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்துபோய், கடைசி வருடம் தொட்டாலே டிக் அடித்தது. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஐசியூவில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு டியூட்டராக வந்தவள் நான். ஒரு பிள்ளை அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன் என்ற நினைப்பு.

முருகேசன் வந்த முதல் நாளே அந்த நினைப்பு போனது. பெட்டியைப் பிரித்து, பிள்ளைகளுக்கு முன்னால் நானே செய்து காட்டினேன். ஆழம் சரி. வேகம் சரி. ரிகாயில் மட்டும் 61 சதவீதம். அதாவது, அழுத்திய பிறகு கையை முழுசாகத் தளர்த்தாமல் நெஞ்சின் மேலேயே லேசாகச் சாய்ந்து நிற்கிறேன். நெஞ்சு முழுசாக மேலே எழும்பினால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிறையும். நிறையாத இதயத்தை எவ்வளவு ஆழமாக அழுத்தி என்ன பயன்? ஐசியூவிலும் இப்படித்தானே அழுத்தியிருப்பேன், நிஜ ஆட்கள் மேல். வகுப்பில் 'பாருங்க, மேடமே ஃபெயில்' என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, இந்தப் பொம்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய விஷயம் அந்த ரிகாயில் கோடுதான். 5 முதல் 6 செ.மீ. ஆழத்தைக்கூடக் கொஞ்சம் கண்ணால் மதிப்பிடலாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்துக்கு, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் போதும். கை சாய்ந்து நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரியவில்லை, பன்னிரண்டு வருடமாக.

டேப்லெட் காட்டிக்கொடுத்த இன்னொரு விஷயம் வேடிக்கையானது. நிறையப் பிள்ளைகள் 115-ல் ஆரம்பித்து, முப்பது அழுத்தம் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் போனதும் 95-க்கு இறங்கினார்கள். களைப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு மூச்சு கொடுத்துவிட்டு அடுத்த சுற்று தொடங்கியதும் மறுபடி 115. அப்புறம்தான் காதில் விழுந்தது: வாய்விட்டு எண்ணுகிறார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு வரை கை பறக்கிறது. 'இருபத்தி மூணு, இருபத்தி நாலு' என்று வந்ததும் வாய்க்காகக் கை காத்திருக்கிறது. இப்போது பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொல்கிறேன்; முதல் பத்துக்கு ஒரு விரல் காட்டுவது, இரண்டாவதுக்கு இரண்டு விரல் காட்டுவது எல்லாம் ஆம்பு பேக் (மூச்சு கொடுக்கக் கையால் அமுக்கும் பை) பிடித்திருக்கும் பிள்ளையின் வேலை. வேகம் இறங்குவதில்லை.

முருகேசனின் முகம் பற்றி ஒரு வார்த்தை. பெயர் முருகேசன், ஆள் வெள்ளைக்காரர். பழுப்பு நிறத்திலும் வருகிறதாம். எங்களுக்கு விற்றவர் அதைச் சொல்லவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் கேளுங்கள். இந்தப் பொம்மை வம்சத்தின் மூத்தவள் பெயர் ரிசஸி ஆன். நார்வேயின் ஸ்டாவாங்கர் ஊரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லெர்டால் 1960-ல் கொண்டுவந்தது. பாரிஸில் செய்ன் ஆற்றில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் ஒரு முகமூடியைப் பார்த்து அவளுக்கு முகம் வடித்தார். இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்ச்கூட நிமிர்ந்து உட்காரும்.

மூத்தவள் பெண். அப்புறம் ஏன் எங்கள் ஊருக்கு வருவதெல்லாம் தட்டை நெஞ்சு ஆண் பொம்மையாகவே இருக்கிறது? ஒரு நாள் வீட்டிலிருந்து பழைய சேலையும் ரவிக்கையும் கொண்டுபோய், உள்ளே துண்டைச் சுருட்டி வைத்து முருகேசனுக்குக் கட்டிவிட்டேன். உள்ளே வந்த பிள்ளை நன்றாகப் படிக்கிறவள். கூப்பிட்டுப் பார்த்தாள், உதவிக்குக் குரல் கொடுத்தாள், கழுத்தில் விரல் வைத்தாள், அதுவரை சரி. ரவிக்கை ஹூக்குக்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஸ்கிரீன் இருக்கிறதா என்று தேடினாள். நாற்பது செகண்ட். ஏஇடி (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பேட் ஒட்டுவதற்கு நெஞ்சு திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கேட்டால் இவள் முழு மார்க் வாங்குவாள். இப்போது ஆம்பு பேக் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் எப்போதும் இருக்கிறது. சேலையும் லேப் பீரோவிலேயே இருக்கிறது.

பொம்மையைத் தரையிலோ மேஜையிலோ வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். அங்கே எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். வார்டில் யாரும் தரையில் சரிவதற்குக் காத்திருப்பதில்லை, கட்டிலில் இருக்கும்போதுதான் இதயம் நின்றுபோகிறது. எங்களோடு இணைந்த ஆஸ்பத்திரியில் காலியாக இருந்த ஒரு ரூமுக்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, முருகேசனைக் கட்டிலில் மெத்தை மேல் படுக்க வைத்தேன். தரையில் 5.5 செ.மீ. வந்த அதே பிள்ளைகளுக்கு 3.5-தான் வந்தது. கை என்னமோ நன்றாகத்தான் கீழே போகிறது. பாதி தூரம் மெத்தை அமுங்குகிறது. முதுகுக்குக் கீழே சிபிஆர் போர்டு என்கிற கெட்டிப் பலகையை வைத்தால் கொஞ்சம் ஏறியது. அப்புறம் உயரம். ஒரு பிள்ளை நாலடி பத்து அங்குலம் இருப்பாள். கட்டில் அவள் இடுப்புக்கு மேலே நிற்கிறது, தோள் நெஞ்சுக்கு நேர் மேலே வரவே இல்லை, கையால் மட்டும் குத்துகிறாள். 'மேடம், ஏறட்டுமா?' என்றாள். ஏறும்மா என்றேன். செருப்பை உதறிவிட்டுக் கட்டிலில் முட்டி போட்டாள். 5.6. மற்ற பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். வார்டில் ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது அன்றிலிருந்து பாடத்தில் ஒரு வரி.

இனி குறைகள். பெரிய குறை, இதற்கு நாடித்துடிப்பு கிடையாது. கழுத்தில் எப்போது கை வைத்தாலும் முருகேசனுக்குத் துடிப்பு இருக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் பத்து செகண்டுக்குள் துடிப்பு பார்ப்பது ஒரு சடங்காகிவிடுகிறது, சாமி கும்பிடுகிற மாதிரி தொட்டு எடுக்கிறார்கள். இதற்கு நான் கண்டுபிடித்த வழி: ஐந்து ட்ரில்லில் ஒன்றில் போர்வைக்குக் கீழே முருகேசன் இருக்க மாட்டார், ஒரு சீனியர் பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருப்பாள். நான் ஒட்டியே நிற்பேன், உயிருள்ள நெஞ்சில் யாரும் கை வைத்துவிடாமல். அப்படி ஒரு நாள் கழுத்தில் விரல் வைத்த பிள்ளை துடிப்பைக் கண்டுபிடித்து, மூச்சும் இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட்டாள். அடுத்த சுற்றில் பொம்மை. அதிலும் துடிப்பு இருக்கிறது என்றாள்! மற்றவர்கள் சிரிக்க, அவள் முகம் சுருங்கிவிட்டது. ட்ரில் முடிந்து உட்கார்ந்து பேசும்போது அவளே சொன்னாள்: 'நிஜமாவே துடிச்சது மேடம். என் விரல்லதான் துடிச்சிருக்கு போல.' பதற்றத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் நம் துடிப்பே நமக்குக் கேட்கும். ஐசியூவில் எனக்கும் நடந்ததுதான். அந்தப் பேச்சில் யாரையும் தப்பு சொல்வதில்லை என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் அவள் அதை வெளியில் சொல்லியிருக்க மாட்டாள். அப்படி உட்கார்ந்து பேசுவதற்கு ட்ரில்லைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். அதற்கு எந்த ஆப்பும் இல்லை.

மற்ற குறைகள் சில்லறை. ஆப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு எங்கள் பழைய டேப்லெட்டில் திறக்கவில்லை. புது டேப்லெட் தனிச் செலவு. பொம்மைக்குள் மாற்றி மாற்றி வைக்கும் நுரையீரல் பை தீர்ந்து ஆர்டர் போட்டால் மூன்று மாதம் கழித்து வந்தது, அதுவும் வேறு மாடலுக்கானது. முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து உதடு வெளுத்துவிட்டது. கூடவே வாங்கிய ட்ரெயினர் ஏஇடி அமெரிக்க இங்கிலீஷில் படபடவென்று பேசுகிறது, தமிழ் இல்லை. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார்கள், எனக்குத்தான் இன்னும் எரிச்சல்.

எத்தனை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் வகுப்பில் 60 பேர். ஒருவருக்கு இரண்டு நிமிடம், ஆள் மாற ஒரு நிமிடம் என்றால்கூட ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். ஒருத்தி அழுத்த, ஐம்பத்தொன்பது பேர் போன் நோண்டுவார்கள். அதனால் சென்சார் வைத்தது ஒன்று, சாதா டிக் பொம்மை மூன்று. டிக்கில் பழகிவிட்டு முருகேசனிடம் வந்து அளந்துகொள்ளட்டும். நாலும் சென்சார் பொம்மையாக வாங்கச் சொல்லும் விற்பனையாளர் பேச்சைக் கேட்க வேண்டாம். வாங்கிப் பீரோவில் பூட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் எடுப்பதாக இருந்தால் ஒன்றுகூட வேண்டாம். வெளியில் எடுக்கும் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) சர்டிஃபிகேட் இரண்டு வருடம் செல்லும், கை அவ்வளவு நாள் செல்லாது. ஆறு மாதம் கழித்து எங்கள் பிள்ளைகளைத் திரும்ப அளந்தபோது பாதிப் பேர் 4 செ.மீ.க்கு வந்துவிட்டார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆளுக்கு இரண்டு நிமிடம்.

ஒரு உபரி லாபமும் உண்டு. கல்லூரி பஸ் டிரைவர் அண்ணன்கள் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு மூச்சு கொடுப்பது எதுவும் சொல்லவில்லை. இந்தியன் ரிசஸிடேஷன் கவுன்சில் பொதுமக்களுக்குச் சொல்வது போல, 108-க்குப் போன், பிறகு நெஞ்சில் அழுத்தம், அது மட்டும். ஸ்டியரிங் பிடித்த கை. முதல் முயற்சியிலேயே 6.5 போய்விட்டது. 'அண்ணே, மெதுவா, விலா போயிரும்' என்று நான் அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது நாடிக்காக, கொஞ்சம் நுரையீரல் பைக்காகவும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ட்ரில், சாயங்காலம் ஏழு மணிக்கு, சேலை கட்டி, லைட்டை அணைத்துவிட்டு. பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்டூலை மட்டும் வேண்டுமென்றே பக்கத்து ரூமில் வைக்கப்போகிறேன்.